ஊரில் பெண் பிள்ளைகள் குழு தொடங்குவது எப்படி: ஜூன் முதல் மே வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இது தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் 13 முதல் 18 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்காக வாராவாரம் கூடும் குழு ஒன்றைத் தொடங்க நினைப்பவருக்கானது. நீங்கள் கல்லூரி மாணவியாக இருக்கலாம், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினராக இருக்கலாம், ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். பெரிய பணம் தேவையில்லை. வரிசை முக்கியம்.

அந்த வரிசையை நாட்காட்டிதான் முடிவு செய்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரலில் முடிகிறது, மே மாதம் முடிவு வருகிறது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் அப்போதுதான். நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கும் முகவர்களும் அந்த விடுமுறையைப் பார்த்துத்தான் தெருவுக்குள் வருகிறார்கள். ஒரு பிள்ளை மேலே படிப்பதா, மில் விடுதிக்குப் போவதா, மணவறையில் உட்காருவதா என்பது பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில் தீர்மானமாகிவிடுகிறது. அப்போது அவள் உங்களிடம் வந்து வாய் திறக்க வேண்டுமானால், அதற்கு முன் பல மாதப் பழக்கம் இருக்க வேண்டும். எனவே பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே மருத்துவரைப் பேச வைத்து, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தை விளக்கி, நாப்கின் கொடுத்து, பேனர் பிடித்துப் படமும் எடுத்துவிடுவார்கள். அன்றைக்குக் கூடம் நிறையும். அடுத்த வாரம் பாயைச் சுருட்டி வைக்கக்கூட ஆள் இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழுவை நடத்த இரண்டு அக்காக்கள் வேண்டும். ஒருவர் போதாது. உங்களுக்குக் காய்ச்சல் வரும், தேர்வு வரும், வீட்டில் விசேஷம் வரும். ஒரு வாரம் குழு கூடாமல் போனால் “இன்றைக்கு உண்டா?” என்ற சந்தேகம் முளைக்கும். அடுத்த வாரம் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இரண்டு பேரில் ஒருவராவது அதே ஊரில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, இப்போது கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவராக இருக்கட்டும். எந்தப் பேச்சாளரையும்விட அவரைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லும். “மிஸ்” என்று கூப்பிடவிடாதீர்கள். “அக்கா” போதும்.

ஒரு தாளில் இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி 112, மருத்துவ ஆலோசனை 104, கல்வி வழிகாட்டல் 14417. இவற்றுக்குக் கீழே கிராம சுகாதாரச் செவிலியர், தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், மாவட்ட சமூக நல அலுவலகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியோரின் எண்கள். உள்ளூர் ஆட்களை முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆபத்து வந்த இரவில் ஒருவரிடம் முதல்முறையாக அறிமுகம் செய்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

பொருள் என்று பார்த்தால் ஒரு பந்து, ஒரு நீளக் கயிறு, சார்ட் தாள், கோலமாவு, வாரம் ஒரு படி சுண்டல்.

2. முதலில் அம்மாக்களைப் பாருங்கள்

பிள்ளைகளைக் கூப்பிடும் முன் வீடு வீடாகப் போங்கள். அப்பா இல்லாத பகல் வேளையில் போய் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், மறைத்துச் செய்கிறீர்கள் என்று பெயர் வரும். மாலையில் இருவரும் இருக்கும்போது போங்கள். பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பல வீடுகளில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

“உரிமை”, “விழிப்புணர்வு” போன்ற சொற்களை இந்தக் கட்டத்தில் எடுக்காதீர்கள். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம், யார் யார் இருப்பார்கள், எங்கே கூடுவோம், எத்தனை மணிக்குப் பிள்ளை வீடு திரும்புவாள், படிப்புக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதைச் சொன்னால் போதும். அம்மாவின் மனதில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதனால் என் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வருமா? நீங்கள் சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

“வாசலில் யாராவது இரண்டு பேர் உட்கார்ந்திருங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்” என்று அழைப்பது நல்லது. முதல் சில வாரம் வருவார்கள். பிறகு அலுத்துப்போய் நின்றுவிடுவார்கள், அதற்குள் நம்பிக்கை வந்திருக்கும். அவர்கள் இருப்பதால் வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கும் பையன்களும் கிளம்பிவிடுவார்கள்.

3. இடமும் நேரமும்

இடத் தேர்வில்தான் பல குழுக்கள் பிறக்கும்போதே செத்துப்போகின்றன. ஒரு சாதியாரின் மண்டபத்தில் கூடினால் மற்ற தெருப் பிள்ளைகள் வர மாட்டார்கள். காலனியில் கூடினால் ஊர்த் தெருவிலிருந்து அனுப்ப மாட்டார்கள். கோயில் மண்டபம் இன்னும் மோசம்: மாதவிலக்கு நாளில் பிள்ளைகள் வர முடியாது, வராத காரணமும் ஊருக்கே தெரிந்துவிடும்.

எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏற்கெனவே ஒன்றாக உட்காரும் இடம் பள்ளி. தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்டு ஒரு வகுப்பறையை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நூலகம், அல்லது மகளிர் குழுக் கட்டடம். கழிப்பறைத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

தண்ணீர்க் குடமும் டம்ளரும் முதல் நாளிலிருந்தே பொதுவாக இருக்கட்டும். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னால் வம்பு இருக்காது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சில வீட்டார் பிள்ளையை நிறுத்துவார்கள்தான். அனுப்புகிற வீடுகளோடு நடத்துங்கள். பிறகு வேறு வழியில்லாமல் மற்றவர்களும் வந்து சேருவதுண்டு, சேராமல் போவதும் உண்டு. எதற்காகவும் குடத்தை இரண்டாக்காதீர்கள்.

ஞாயிறு காலை வேண்டாம். துணி துவைப்பது, கறி சமைப்பது, தம்பி தங்கையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அன்று காலையில் பெண் பிள்ளைகள் தலையில்தான் விழும். பாத்திரம் கழுவி முடித்த மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியுங்கள். பூப்பறிப்போ பருத்தி எடுப்போ நடக்கும் ஊரில் அந்தப் பருவத்துக்கு ஏற்ப நேரத்தைப் பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். எக்காரணத்துக்காகவும் இருட்டும் வரை வைத்திருக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். பெரும்பாலான வீட்டில் போன் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. செய்தியைத் தெருவுக்கு ஒரு பிள்ளை வாய்வழியாகச் சொல்லட்டும். அதனால் ஒருத்தியை ஒருத்தி கூட்டிக்கொண்டு வரும் பழக்கமும் வரும்.

4. முதல் மாதம் விளையாட்டு மட்டும்

ஆம், ஒரு மாதம் முழுக்க. கோ-கோ, வளையப்பந்து, கயிறு தாண்டுதல். பாடம் எதுவும் இல்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்த பிள்ளை ஓடுவதை நிறுத்திவிடுகிறாள். யாரும் தடை போட்டிருக்க மாட்டார்கள். “பெரிய மனுஷி” என்ற ஒரு சொல் போதும், தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவாள். அவள் மறுபடி மூச்சு வாங்க ஓடி, கத்தி, சண்டை போட்டுச் சிரித்த பிறகுதான் வட்டத்தில் உட்கார்ந்து பேசுவாள். ஓடாதவளை வற்புறுத்தாதீர்கள். புள்ளி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் தானாக எழுந்து வருவாள்.

ஆட்டம் முடிந்ததும் கடைசிப் பதினைந்து நிமிடம் சுண்டலும் பேச்சும். இந்த வாரம் பள்ளியில் எது பிடித்தது, எது எரிச்சல் மூட்டியது என்று கேளுங்கள், பதில் சொல்லாதவளை விட்டுவிடுங்கள். அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

5. கோலமாவு வரைபடமும் முதல் மனுவும்

இரண்டாம் மாதம், முற்றத்தில் கோலமாவால் ஊரை வரையச் சொல்லுங்கள். தெரு, கடை, பஸ் நிறுத்தம், கண்மாய்க்கரை, பொதுக்கழிப்பறை, டாஸ்மாக் எல்லாம். பயமில்லாமல் நடக்கும் இடத்தில் மஞ்சள் பொடி, பயப்படும் இடத்தில் செங்கல் பொடி தூவச் சொல்லுங்கள். பேச்சாகக் கேட்டால் “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா” என்பார்கள். பொடி அப்படிச் சொல்லாது. செங்கல் நிறம் எங்கே குவிகிறது என்பதை அவர்களே பார்ப்பார்கள்.

அதிலிருந்து ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள், கைக்கு எட்டுவதாக. எரியாத தெருவிளக்கு மிகப் பொருத்தம். அது ஊராட்சியின் வேலை, மின்கம்ப எண்ணைக் குறித்துக் கொடுத்தால் மறுக்க முடியாது, சரியானதும் எல்லோர் கண்ணிலும் படும். எடுத்த எடுப்பில் மதுக்கடையை மூடு என்று மனு எழுதினால் ஊர் முழுக்க எதிரி சேரும், விளக்கும் எரியாது.

மனுவைப் பிள்ளைகளே எழுத வேண்டும். பெறுநர், பொருள், கம்ப எண், எத்தனை நாளாக எரியவில்லை, தேதி. நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். புதியவர்கள் தவறாமல் மறப்பது இந்த நகலைத்தான். அது இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி இல்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அதில் ஒரு பிள்ளை எழுந்து மனுவை வாசிக்கட்டும். முந்தைய ஞாயிறு உரக்க வாசித்துப் பழகச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. அதற்குப் பெரியவர்கள் போகட்டும், பள்ளி நாளை வீணாக்க வேண்டாம்.

6. எதை மறைப்போம், எதை மறைக்க மாட்டோம்

உடலைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சில்தான் மற்றவை வெளியே வரும்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் அக்கா” என்று ஒரு நாள் ஒருத்தி கேட்பாள். செய்யாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் விடுவதே குற்றம். எனவே முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லுங்கள்: “நீங்கள் பேசுவது இந்த அறையை விட்டுப் போகாது. ஆனால் ஒருத்தியின் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் உதவி கூப்பிடுவேன். கூப்பிடும் முன் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவேன்.”

ஒரு பிள்ளை அப்படிச் சொல்லத் தொடங்கினால் கேளுங்கள், நம்புங்கள், துருவாதீர்கள். எப்போது, எத்தனை முறை, என்ன உடை என்று நீங்கள் விசாரித்தால் அவள் அதே கதையைப் பலர் முன் திரும்பத் திரும்பச் சொல்ல நேரும். 1098ஐ அழையுங்கள். குற்றம் செய்தவரையோ அவர் குடும்பத்தாரையோ நீங்கள் நேரில் போய்க் கேட்கக் கூடாது, ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. அவள் பெயர் உங்கள் இரண்டாவது அக்காவுக்குக்கூட அவசியமானால் மட்டுமே தெரியட்டும்.

காதல் பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். பெற்றோர் சீக்கிரம் கல்யாணம் பேசுவதற்கு வறுமையைவிட “எவனோடாவது போய்விடுவாளோ” என்ற பயம், அதிலும் வேற்றுச் சாதிப் பையன் என்ற பயம், பெரிய காரணம். அக்கா அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார் என்று தெரிந்தால் பிள்ளைகளும் எடுக்க மாட்டார்கள். 18க்குக் கீழே இருக்கும்போது பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது, கர்ப்பம் என்று மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள் என்பதைப் பயமுறுத்தாமல், நடப்பைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

7. உடல்

இப்போது கிராம சுகாதாரச் செவிலியரை அழைக்கலாம். முந்தைய வாரமே ஒரு பெட்டியில் பெயரில்லாமல் கேள்விகளைப் போடச் சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள். நேரில் கேட்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஜன்னல் வழியாக வெளியே போவது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் மூன்று பதில் வரும்: குமட்டுகிறது, மலம் கறுப்பாகிறது, கருத்தடை மாத்திரை என்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பின் போட்டால் குறையும். மலம் கறுப்பது இயல்பு. மூன்றாவது வெறும் வதந்தி. மாத்திரையோடு டீ குடித்தால் சத்து சேராது, நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை நல்லது. ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் வாராந்திர மாத்திரை மட்டும் போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மாதவிலக்குப் பேச்சில் புதியவர்கள் நாப்கினோடு நின்றுவிடுகிறார்கள். அரசின் புதுயுகம் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே மாற்றுவது, எங்கே போடுவது என்பதுதான் பிள்ளைகளின் தொல்லை. துணி பயன்படுத்துபவர்களுக்கு அதை வெயிலில் உலர்த்த இடமில்லை. மற்ற துணிக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தால் ஈரம் போகாது, புண் வரும். அம்மாக்களை ஒரு நாள் வரச் சொல்லி இதைப் பேசுங்கள். கொடியில் இடம் விட வேண்டியவர்கள் அவர்கள்.

8. ஆளுக்கொரு கோப்பு

அக்டோபர், நவம்பருக்குள் இதை முடியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு: பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெயரின் எழுத்து, முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். ஒன்றில் “இரா.”, இன்னொன்றில் “ரா.” என்று இருப்பது சாதாரணம். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும் முன் பள்ளியில் திருத்தினால் சுலபம். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அலைச்சல்தான்.

இரண்டு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள வீடுகளில் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, 18 வயது நிறைந்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். அதை நினைவூட்டுவதே சில வீட்டில் படிப்பைக் காப்பாற்றும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய்.

9. பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன

ஜனவரியில் தொடங்குங்கள், தேர்வு முடியும் வரை காத்திருக்காதீர்கள். மேல்நிலைப் பள்ளி எந்த ஊரில், முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ்ஸிலிருந்து வீடு வரை நடக்கும் வழியில் விளக்கு உண்டா? படிப்பு நிற்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஒரு சனிக்கிழமை அதே பஸ்ஸில் அம்மாக்களையும் ஏற்றிக்கொண்டு பாலிடெக்னிக்கையும் கல்லூரியையும் பார்த்து வாருங்கள். வகுப்பறையைக் காட்டிலும் பெண்கள் விடுதியை அதிக நேரம் காட்டுங்கள். அம்மா அங்கேதான் கேள்வி கேட்பார்.

புதுமைப் பெண் திட்டத்தை இப்போதே விளக்குங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ ஐடிஐயோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மில் முகவர் “மூன்று வருஷம் கழித்து மொத்தமாகப் பணம்” என்று சொல்லும்போது அதற்கு எதிரே வைக்க ஒரு தொகை கையில் இருக்க வேண்டும்.

10. கல்யாணப் பேச்சு வந்தால்

அடையாளங்கள்: காரணமில்லாமல் இரண்டு வாரம் வரவில்லை, வெளியூர் உறவினர் வந்து தங்குகிறார்கள், தோழியிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள், நகைக்கடைப் பை. தோழிகளுக்குத்தான் முதலில் தெரியும்.

முதலில் அவளிடம் தனியாகப் பேசுங்கள். அவளுக்கு என்ன வேண்டும், வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கேளுங்கள். தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருக்கலாம். பேச்சளவில் இருக்கிறது, நாள் குறிக்கவில்லை என்றால் வகுப்பாசிரியரும் மகளிர் குழுத் தலைவியும் அந்த உறவினர் வழியாக வீட்டுக்குப் போகட்டும். எடுத்தவுடன் சட்டம் பேச வேண்டாம். “பன்னிரண்டு முடிக்கட்டும்” என்று கேளுங்கள். தள்ளிப்போடச் சொன்னால் பெற்றோர் தோற்றதாக ஆகாது.

நாள் குறித்துவிட்டார்கள் என்றால் சமாதானப் பேச்சில் நேரம் கழிக்காதீர்கள். உடனே 1098. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடை அலுவலர். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 நிறையாத திருமணத்தை நடத்திவைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். புகாரில் பிள்ளையைக் கையெழுத்திட வைக்காதீர்கள். உங்கள் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று சொல்லலாம்.

நிறுத்தியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கல்யாணம் செய்ய மாட்டோம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் வேறு ஊர்க் கோயிலில் விடியற்காலையில் தாலி கட்டுவது நடக்கிறது. வீட்டில் அத்தனை பேரின் கோபமும் அவள் மேல்தான் இருக்கும். வாரம் இருமுறையாவது யாராவது ஒரு சாக்கில் அந்த வீட்டுக்குப் போய் அவளைக் கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளி திறந்த முதல் நாள் அவள் பஸ் ஏறுகிறாளா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

11. இரண்டாம் ஆண்டு ஜூன்

பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களில் இருவர் ஆட்டத்தையும் கோலமாவு வரைபடத்தையும் நடத்தட்டும். நீங்கள் பின்னால் உட்காருங்கள். ரகசியம் பற்றிய பேச்சும் கல்யாணத் தலையீடும் மட்டும் பெரியவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பாரத்தைப் பதினாறு வயதுப் பிள்ளையின் மேல் வைக்கக் கூடாது.

வருகை நோட்டையும் எண்கள் எழுதிய தாளையும் அவர்களிடம் கொடுங்கள். நோட்டில் பெயரும் தேதியும் தவிர எதுவும் இருக்கக் கூடாது. யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் சண்டை, யார் யாரோடு பேசுகிறாள் என்பது எந்தக் காகிதத்திலும் ஏறக் கூடாது. அந்த நோட்டு என்றாவது ஒரு நாள் யாருடைய அண்ணன் கையிலாவது சிக்கத்தான் செய்யும்.